பானட்டில் கிடைத்த ஊதா மினுக்கு

போன திங்கட்கிழமை காலை, சரியாகப் பத்தே கால் மணிக்கு, எங்கள் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் லைன் நின்றது.

லைன் நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, பசங்களா. உங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பிலும் ஒரே நொடியில் சத்தம் நின்று போனால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் அமைதி. வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும் கார் பாடிகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அந்த அமைதிக்கு ஒரே அர்த்தம்தான்... யாரோ பெரிய தப்பு செய்துவிட்டார்கள்.

அந்த 'யாரோ' நான்தான். ஆனால் அந்த நிமிடம் எனக்கே அது தெரியாது!

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து சொன்னால்தான் புரியும்.

என் மகள் தமிழினி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள ஃபேன்சி ஸ்டோரில், அம்மாவை நச்சரித்து ஒரு நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள். ஊதா கலர். சாதாரண பாலிஷ் இல்லை, கிளிட்டர் பாலிஷ். பாட்டிலை ஆட்டினால் உள்ளே மினுக்குத் தூள் சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் நெயில் பாலிஷ் போடக் கூடாது. அதனால் ஒப்பந்தம் இதுதான் — ஞாயிறு காலையில் போடலாம், சாயங்காலம் அழித்துவிட வேண்டும்.

அவளுக்கு ஒரு பிரச்சினை. வலது கையால் இடது கை நகத்துக்கு அழகாகப் போட்டுவிட்டாள். இடது கையால் வலது கைக்குப் போட்டால்... விரல் முழுக்க அப்பிக்கொண்டது. பழகிப் பார்க்க ஒரு கை வேண்டும். அவள் அம்மா வளர்மதியின் கை இட்லி மாவில் இருந்தது. என் கை சும்மா இருந்தது.

"அப்பா, கைய குடுப்பா. உன் நகம் பெருசு பெருசா கீது. நல்லா பிராக்டிஸ் பண்ணலாம்."

"அப்பாவுக்கு எதுக்குடா கண்ணு இதெல்லாம்?"

"ஆட்டாத! ஆட்டுனா வெளிய போவும்."

கொடுத்தேன். இடது கை, ஐந்து விரல்.

வளர்மதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, சாயங்காலம் உங்கள பொண்ணு பாக்க வராங்களா?"

"மாப்ள டீசன்ட்டா இருந்தா சரின்னு சொல்லிடுவேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாரும் பார்க்காத நேரத்தில் பால்கனிக்குப் போய், கையை வெயிலில் நீட்டிப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது! பத்து பதினைந்து வருடமாக ஸ்பேனர் பிடித்த கை, துணி பிடித்த கை. அதில் நட்சத்திரம் கொட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது?

சாயங்காலம் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தோம். ஊதா நிறம் போய்விட்டது. மினுக்கு மட்டும் போகவில்லை. கிளிட்டர் பாலிஷ் போட்டவர்களுக்கு இது தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் சுரண்டினோம். தேங்காய் நாரால் தேய்த்தோம். சோப்பு போட்டோம். கடைசியில் தமிழினி என் கையை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்து, "சூப்பர்! கிளீன்!" என்று சர்டிபிகேட் கொடுத்தாள்.

நானும் நம்பினேன்.

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம். ஒரகடம் பக்கம் ரோட்டில் லாரி லாரியாகப் புது கார்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று முகம் தெரியும் இல்லையா? அந்தப் பளபளப்பு ஒரே தடவையில் வருவதில்லை. சட்டைக்கு மேல் சட்டை போடுகிற மாதிரி, காருக்கு நாலு முறை பெயின்ட் போடுவோம். ஒவ்வொன்றையும் பெரிய அடுப்புக்குள் அனுப்பி வேகவைப்போம்.

மூன்றாவது சட்டைக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. லேசாகப் பிசுபிசுப்பு உள்ள ஒரு துணியால் பாடி முழுவதையும் ஒற்றித் துடைக்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் அதன் மேல் பெயின்ட் ஏறி, பரு மாதிரி ஒரு மேடு வந்துவிடும். அந்தத் துடைக்கும் வேலைதான் என் வேலை. பதினோரு வருடமாக!

அங்கே எத்தனை ரூல் தெரியுமா? தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வரக் கூடாது. முகத்துக்குப் பவுடர் கூடாது. சென்ட் கூடாது. மோதிரம், வாட்ச், வளையல் கூடாது. நெயில் பாலிஷ் கூடாது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை, கையில் கிளவுஸ். கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

"ரூல் தெரிந்துமா மாமா பாலிஷ் போட்டீர்கள்?" என்று கேட்பீர்கள். அழித்தாகிவிட்டது என்று நினைத்தேனே! அதுவும் இல்லாமல்... நெயில் பாலிஷ் ரூல் என்பது பெண்களுக்கான ரூல் என்று என் மனசுக்குள் எப்போதோ பதிந்துவிட்டது. பின்னே? கேட்டில் பெண்களுக்கு மட்டும்தான் விரலைப் பார்ப்பார்கள். எங்களிடம் "மோதிரம், வாட்ச் கழட்டியாச்சா?" என்று கேட்பதோடு சரி.

என்னோடு துடைக்கும் பெண் பெயர் இசக்கியம்மாள். கோவில்பட்டி பக்கம். இருபது வயது. ஒரகடத்தில் ஆறு பெண்களோடு ஒரு ரூமில் தங்கி இருக்கிறாள். பாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவளுக்கு ஒரு வருட டிரெயினிங். அது அந்த வாரத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டுவார்கள். பெயர் இருந்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால்?

"இல்லாட்டா என்ன அண்ணாச்சி, ஊருக்குப் போயி மறுபடி தீப்பெட்டி ஆபீஸ்தான். மருந்து வாடை மூக்கவிட்டுப் போவவே ஆறு மாசம் ஆச்சு" என்று சொல்லியிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் என்றால் அவள் ஊர்ப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை.

அந்த லிஸ்ட்டை எழுதுபவர் எங்கள் இன்சார்ஜ் குமரவேல் சார். பத்தே கால் மணிக்கு லைனை நிறுத்தியதும் அவர்தான்.

செக்கிங் செய்யும் இடத்தில் ஒரு வெள்ளைக் காரின் பானட்டில், அதாவது இன்ஜின் மூடியில், ஒரு மேடு. தேய்த்துப் பார்த்தார்கள். உள்ளே ஊதா கலரில் ஏதோ மின்னியது. அடுத்த வண்டியைப் பார்த்தார்கள். அதிலும் ஒன்று. அதற்கடுத்த வண்டியிலும்!

பாடி நம்பரை வைத்துத் தேடினால் எந்த ஸ்டேஷன், அதாவது லைனில் எந்த இடம், எத்தனை மணி என்று தெரிந்துவிடும். தேடினார்கள். எங்கள் ஸ்டேஷன். மேடு வந்திருந்த இடமோ பானட்டின் நடு மத்தி. என் துணியும் படும், இசக்கியின் துணியும் படும்.

குமரவேல் சார் நேராக எங்களிடம் வந்தார். இரண்டு பேர் நிற்கிறோம். ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி கிளவுஸ்.

"இசக்கி, கிளவுஸ கழட்டு."

அவளை மட்டும்தான் கேட்டார்.

கழற்றினாள். பத்து நகமும் சிவப்பாக இருந்தது.

"இன்னாமா இது?"

"மருதாணி சார். மதினி கல்யாணத்துக்குப் போயி வச்சது. போலிஷ் இல்ல சார். கேட்ல அக்கா பாத்துட்டுத்தான் விட்டாவ."

"சிவப்பு வச்சவ ஊதா வெச்சிருக்க மாட்டியா? ஞாயித்துக்கெழமை லீவுதான? ரூம்ல அத்தினி பொண்ணுங்க இருக்கீங்க."

"சத்தியமா இல்ல சார்."

"நகத்துல கலர் இருக்குதா இல்லியா? ஆபீசுக்கு வா."

இசக்கி திரும்பி என்னைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. தண்ணீர் கட்டி நின்றது. நான் என்ன செய்தேன்? "பயப்படாதம்மா" என்று தலையை ஆட்டினேன். அடப்பாவி! ஊதா என்று காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக நின்றேன் தெரியுமா? தப்பு செய்யாத ஆள் நிற்கிற மாதிரியே நின்றேன்.

பத்தரைக்கு டீ பிரேக். கை கழுவும் இடத்துக்குப் போய்க் கிளவுஸைக் கழற்றினேன்.

இடது கட்டைவிரல். நகம் சதையோடு சேரும் ஓரத்தில், புள்ளி புள்ளியாக... ஊதா மினுக்கு.

எனக்குக் காது அடைத்துப் போனது. பக்கத்தில் குழாய் திறந்திருந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. கிளவுஸ் போடும்போது என்ன செய்வோம்? ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்து இழுத்து மற்றக் கையில் மாட்டுவோம். பிடித்தது என் இடது கட்டைவிரல். ஓரத்தில் இருந்த தூள் கிளவுஸுக்கு வெளிப்பக்கம் ஒட்டியது. அங்கிருந்து துணிக்கு. துணியிலிருந்து பானட்டுக்கு. தூசி துடைக்கச் சம்பளம் வாங்குகிறவன், துடைத்துத் துடைத்துத் தூசியை வைத்திருக்கிறேன்!

ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது.

குனிந்து பார்க்கிறேன், என் வலது கை நகம் இடது கட்டைவிரலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைச் சுரண்டு என்று சொல்லவில்லை. நானே சொல்லவில்லை! சோப்பைப் போட்டு, நகத்தை வைத்து, பரபரவென்று... ரத்தம் வருகிற அளவுக்கு. என் கை என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டது.

இந்தப் பக்கத்தில் நான் எழுதும் கதைகளில் எல்லாம் நான் கொஞ்சம் நல்லவனாகவே வருவேன். கவனித்திருப்பீர்கள். இதில் அப்படி வர முடியாது. சுரண்டியது போதாது என்று, கிளவுஸை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கேன்டீனில் டீ வாங்கினேன். ஆபீஸ் ரூம் கண்ணாடி வழியாக இசக்கி தலை குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன்.

மனசு என்னவெல்லாம் சொன்னது தெரியுமா? 'வூட்டுக்கு நீ ஒருத்தன்தான் சம்பாதிக்கிறே.' 'அவ சின்னப் பொண்ணு, வேற எங்கியாவது வேலை கெடைக்கும்.' 'மினுக்கு உன்னோடதுதான்னு எப்படித் தெரியும், வேற எதுவாச்சும் இருக்கலாம்.' எல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. மீசை வைத்த ஆள் நெயில் பாலிஷ் போட்டான் என்று தெரிந்தால் ஷிப்ட் முழுக்கச் சிரிப்பார்களே!

ஆமாம் பசங்களா. ஒரு பெண்ணின் வேலை ஒரு பக்கம். நான்கு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். கொஞ்ச நேரம் இரண்டும் சமமாக நின்றன. நம்ப முடிகிறதா? என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

லைன் இன்னும் ஓடவில்லை. பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஆபீஸ் கதவு திறந்தது. இசக்கி ஒரு வெள்ளைத்தாளோடு வெளியே வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணாச்சி... 'நெயில் பாலிஷ் போட்டது என் தவறு, இனிமேல் நடக்காது'ன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதாவ. எழுதிக் குடுத்தா பெருசாக்க மாட்டோம்ங்காவ. நான் போடவே இல்லியே, எப்படி எழுத? நீங்க சொல்லுங்க. எழுதட்டுமா?"

என்னிடம் யோசனை கேட்கிறாள்! என்னிடம்!

"எழுதாத" என்றேன். "எழுதாதம்மா. வா என் கூட."

உள்ளே போய்க் கிளவுஸைக் கழற்றி, குமரவேல் சார் மேசை மேல் இடது கையை வைத்தேன்.

"சார், அது என்னுது."

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார். "இன்னாபா, வக்காலத்து வாங்க வந்தியா? போய் டீ குடி, போ."

"இல்ல சார். நெயில் பாலிஷ் நான்தான் போட்டேன்."

"யோவ், உனக்கு எதுக்குயா நெயில் பாலிஷ்?"

"எம் பொண்ணு வெச்சு வுட்டா சார். நேத்து. தொடைச்சிட்டேன்னு நெனச்சேன்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். குமரவேல் சாரும் சிரித்துவிட்டார். "நல்ல மனசுதான்பா உனக்கு. ஆனா பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

பாருங்கள் கூத்தை! அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள், நம்பவில்லை. நான் உண்மையைச் சொன்னேன், அதையும் நம்பவில்லை. அவளுடையதைப் பொய் என்றார்கள். என்னுடையதை நல்ல மனசு என்றார்கள்.

"லென்ஸ்ல வெச்சுப் பாருங்க சார்" என்றேன்.

பெயின்ட் குறையைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்போம். பானட்டிலிருந்து எடுத்த மினுக்கை டேப்பில் ஒட்டி வைத்திருந்தார்கள். முதலில் அதைப் பார்த்தார். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார். மறுபடி அதை. மறுபடி இதை. இரண்டும் ஒரே ஊதா. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆறு மூலை, தேன்கூட்டு அறை மாதிரி.

அவர் சிரிப்பு மெல்ல மெல்லக் காணாமல் போனது.

"பதினோரு வருஷம்..." என்றார். "பதினோரு வருஷமா தொடைக்கிற ஆளுயா நீ!" லென்ஸைக் கீழே வைத்தார்.

இசக்கி நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். கதைகளில் அப்படித்தானே வரும்? கையைக் கூப்புவாள், கண் கலங்குவாள், 'அண்ணாச்சி தெய்வம்' என்பாள்...

அவள் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சுரண்டியதில் ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. அதையும் பார்த்தாள்.

"எப்பப் பாத்தீய அண்ணாச்சி?"

"டீ பிரேக்ல."

"டீ பிரேக் பத்தரைக்கு. இப்ப பதினொண்ணு இருவது."

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"இம்புட்டு நேரமும் நான் உள்ள அழுதுக்கிட்டு இருந்தேன். நீங்க வெளிய டீ குடிச்சீய."

"பயந்துட்டம்மா."

"நான் பயப்படலியா? எங்கிட்ட கை காட்டுன்னு கேட்டப்ப ரெண்டு பேருந்தான நின்னோம்? அப்பமே நீங்களும் ஒங்க கைய நீட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்லா?"

"என்னைக் கேக்கலியேம்மா..."

"கேக்காட்டா காட்ட மாட்டியளோ?"

சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளை நான்காக மடித்துக் குமரவேல் சார் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு எழுத்துகூட எழுதாத வெள்ளைத்தாள். சாரும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குத் துடைக்கும் இடத்திலிருந்து எடுத்து, டேப் ஒட்டும் இடத்தில் போட்டுவிட்டார்கள். அது சரிதான். வேலை போகவில்லை என்பதே பெரிய விஷயம். ஷிப்ட் முழுக்கச் சிரித்தார்கள், அதுவும் உண்மை. "இன்னா மச்சான், இன்னிக்கு பிங்க் கலரா?" என்று இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கே அலுத்துவிட்டது. சிரிப்பின் ஆயுள் அவ்வளவுதான்! அதற்குப் பயந்துதான் ஒரு பெண்ணை ஐம்பது நிமிடம் அழ விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மாலையே தமிழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பெரிதாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்தாள்.

"தூக்கிப் போட்டுடவாப்பா? என்னாலதான அந்த அக்கா அழுதாங்க?"

"இல்ல கண்ணு. லைன் நின்னதுதான் பாலிஷால. அக்கா அழுதது என்னால."

வளர்மதி ரிமூவரையும் பஞ்சையும் எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலைப் பிடித்து ஓரம் ஓரமாக ஒற்றினாள். புண்ணில் பட்டதும் சுரீர் என்றது. "ஆட்டாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். முதல் ஆளாகப் போய்ப் பார்த்தது நான்தான். மேலிருந்து கீழே விரலை வைத்துத் தேடினேன். ஒன்பதாவது பெயர் இசக்கியம்மாள். குமரவேல் சார் அவளைக் கூப்பிட்டு, "தப்பா கேட்டுட்டேம்மா" என்றாராம். அதை என்னிடம் அவள் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். என்னோடு அவள் பேசியே நான்கு நாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை கேட்டில் ஒரு புது அட்டை தொங்கியது. 'ஆண், பெண் அனைவரும் இரண்டு கைகளையும் காட்டி உள்ளே செல்லவும்.' சில ஆண்கள் முணுமுணுத்தார்கள். "இன்னாபா இது, எங்களுக்குமா?" என்று ஒருவர் சிரித்தார். எனக்கு முன்னால் இசக்கி நின்றிருந்தாள். அவள் முறை வந்தது. செக்கிங் அக்கா மேசையைத் தட்டினார். இசக்கி கையை நீட்டவில்லை. ஓர் அடி விலகி, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க மொதல்ல."

காட்டினேன். பத்து விரலையும்... திருப்பித் திருப்பி.